பன்னிரண்டாம் பக்கத்தை வெட்டாத புத்தகம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு வெட்கமான இடங்களையும் சேர்த்து.

நேற்று நஸ்ரியா டீச்சரின் புத்தக வெளியீட்டில் முதற்பிரதி வாங்க ஆள் இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு புத்தகம் வெளிவந்தால், ஊரில் மதிப்புள்ள ஒருவர் மேடையேறி முதற்பிரதியைக் கையில் வாங்க வேண்டும். பொன்னாடை, போட்டோ எல்லாம் உண்டு.

அது நடக்காவிட்டால், புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த வெறும் கட்டுதான்.

டீச்சர் சாய்ந்தமருதில் எங்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். சுனாமியைப் பற்றி எழுதிய கதைகளைப் புத்தகமாகப் போட்டார். நாற்பத்தெட்டுப் பக்கம், நடுவில் இரண்டு பின்.

மூன்று வாரத்துக்கு முன் கொழும்பிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். (யுத்தம் முடிந்த பிறகு எல்லா வாகனமும் எங்கள் பக்கம் வருகிறது.) பள்ளிக்கூட லைப்ரரியில் இன்டர்வியூ. கமராவுக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்றது நான்.

"நல்ல சூடான ஒரு இடம் வாசிச்சுக் காட்டுங்க மேடம்" என்றார் நிகழ்ச்சி செய்ய வந்தவர்.

டீச்சர் யோசிப்பதற்குள் நான் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்து நீட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை. (கேட்காத கேள்விக்கும் கை தூக்குகிறவள் நான்.)

"இது கதையில வாற மூஸா காக்கா, சுனாமிக்குப் பொறகு கூடாரம் குடுத்த லிஸ்ட்டில பேர் இல்லாமப் போன கோபத்தில செல்லுற" என்று விளக்கிவிட்டுத்தான் டீச்சர் வாசித்தார். (காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன், செல்லுற என்றால் சொல்வது.)

"கடல் எடுத்ததை விட நம்மட ஆக்கள் எடுத்ததுதான் கூட."

டிவியில் மூஸா காக்கா வரவே இல்லை. டீச்சரின் முகமும் அந்த ஒரு வரியும் மட்டும்தான். கீழே சிவப்பு எழுத்தில், 'சுனாமி மக்களைத் திருடர் என்கிறார் எழுத்தாளர்.'

மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். டீச்சர் போன் பண்ணிக் கேட்டதற்கு, "நேரம் காணாது மேடம், கொஞ்சம் சுருக்கினம்" என்றார்களாம்.

அதற்குப் பிறகு டீச்சர் கடைக்குள் போனால் அங்கே பேச்சு நின்றுபோனது. இரண்டு பேர் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லி வந்தார்கள். எங்கள் வீட்டிலேயே உம்மா, "அவட வகுப்புக்கு நீ போகத்தான் வேணுமா?" என்று கேட்டார்.

நான்தான் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன் என்று உம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்வார்.

முதற்பிரதி வாங்க ஒப்புக்கொண்டிருந்த ஹாஜியார் ஆள் அனுப்பினார். அந்தப் பக்கத்தை எல்லாப் பிரதியிலும் வெட்டி எடுத்தால் வருவார், இல்லாவிட்டால் இல்லை.

டீச்சர் வீட்டில் நானும் பிளேடோடு உட்கார்ந்தேன்.

முதல் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தை வெட்டினேன். புத்தகத்தைத் தூக்கியதும் மறுபாதியிலிருந்து முப்பத்தேழாம் பக்கமும் கழன்று விழுந்தது. பின் அடித்த புத்தகத்தில் இரண்டும் ஒரே தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முப்பத்தேழில் இருந்தது, பக்கத்துப் பாண்டிருப்புத் தமிழ் ஆட்கள், சுனாமியில் இறந்த எங்கள் முஸ்லிம் ஆட்களின் ஜனாஸாக்களைத் தோளில் சுமந்து வந்த கதை.

டீச்சர் விழுந்த தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"வை புள்ள பிளேட."

"ஹாஜியார் வரமாட்டாரே டீச்சர்."

"வராட்டி ஒரு கதிரை மிச்சம்."

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு விழா. மிச்சமானது ஒரு கதிரை அல்ல. நூறு கதிரை போட்டிருந்த மண்டபத்தில் பதினான்கு பேர் இருந்தோம். (மைக் செட்காரரையும் எண்ணித்தான்.)

டீச்சரின் கணவர்தான் நிகழ்ச்சியை நடத்தினார். "முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வதற்காக..." என்று தொடங்கி, கையிலிருந்த தாளைப் பார்த்தார். அந்த இடத்தில் பெயர் இல்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஜெஸீமா ராத்தா எழுந்தார். (ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா.) இடியப்பம் அவித்து விற்கிறவர். சுனாமியில் இரண்டு பிள்ளைகளும் போனார்கள்.

அவர் வாங்க வரவில்லை, ஏச வருகிறார் என்பது நடையிலேயே தெரிந்தது.

"டீச்சர், நான் ரெண்டு புள்ளையையும் கடலுக்குக் குடுத்திட்டு ஒரு கூடாரம் எடுத்தன். அதுவும் களவா?"

"இல்ல ராத்தா."

"டிவில நீங்கதானே செல்லுறீங்க. என்ட ரெண்டு கண்ணாலயும் பார்த்தன்."

நான் எழுந்துவிட்டேன். "அது டீச்சர் செல்லல்ல ராத்தா, கதையில வாற ஆள். அந்தப் பக்கத்த எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

"நீ இரி புள்ள" என்றார் டீச்சர். பிறகு ராத்தாவிடம் திரும்பினார். "கதையில வாற ஆள்தான். ஆனா எழுதின நான். லிஸ்ட்டில பேர் இல்லாத மனிசனுக்கு அப்படிக் கோபம் வந்திச்சி, அத நான் மறைக்கல்ல. முழுசா வாசிச்சிட்டு ஏசுங்க. நான் நிண்டு கேட்கிறன்."

ராத்தா மேடையேறிக் கையை நீட்டினார்.

"தாங்க அத."

டீச்சர் மேசையிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். ராத்தா ஒரு கையால் வாங்கினார். முதற்பிரதி என்று யாரும் அறிவிக்கவில்லை. போட்டோக்காரர் கமராவை எடுக்கவே மறந்துவிட்டார்.

ராத்தா மேடையிலேயே நின்று, விரல் வைத்து, பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தார். தாளைப் புரட்டினார். ஒரு இடத்தில் "மெய்தான்" என்றார், எங்கள் யாரையும் பார்த்து அல்ல. பிறகு முதல் பக்கத்துக்குப் போய், தொடக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

டீச்சர் சொன்னபடியே பக்கத்தில் நின்றார், ஏச்சுக் கேட்க.

மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது, பூட்ட வேண்டும் என்று மண்டபக் காவலாளி வந்தார். டீச்சரின் கணவர் இரண்டு வரியில் நன்றியுரை சொன்னார். ராத்தா தலை நிமிரவில்லை.

புத்தகத்தை மூடாமலே அவர் வாசல் வெளிச்சத்துக்கு நடந்தார். டீச்சரும் கூடவே போனார். அவர்களுக்குப் பின்னால் மண்டபத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.