நடவுக்குத்தான் குலவை

என் பேத்தி வாங்கிய பட்டத்துக்கு என்னென்ன தேவை என்று கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாத நான் மூச்சு விடாமல் சொல்வேன். (நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள், இடையில் சிரித்துக்கொள்கிறாள்.) ஜப்பான் மொழி தண்ணீர்பட்ட பாடாக வர வேண்டும். அந்தப் பக்கத்து மொழி இன்னொன்றும் வேண்டும். அவள் சீனத்தை எடுத்தாள். பரீட்சைகள் எழுத வேண்டும். யாரும் தொடாத ஒரு சங்கதியை ஆராய்ந்து தலையணை கனத்துக்கு எழுத வேண்டும். கடைசியில் வாத்தியார்கள் கேட்பதற்கெல்லாம் நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டும். அங்கே சறுக்கினால் அத்தனை வருசமும் வீண்.

“ஜப்பானுக்குச் சீனம் எதுக்குடி? மன்னார்குடியிலேருந்து திருத்துறைப்பூண்டி போறவ பட்டுக்கோட்டையச் சுத்துற மாதிரில்ல இருக்கு?” என்றேன்.

“அவங்க எழுத்தே அங்கேருந்து வந்ததுதான் அப்பாயி. சுத்தித்தான் போகணும்.”

அவள் எடுத்த சங்கதி, ஜப்பானில் நடவுப் பெண்கள் பாடிய பாட்டு. அங்கேயும் சேறு, அங்கேயும் நாற்று என்று அவள் படம் காட்டியபோது எனக்குப் பிடிபடாத சந்தோஷம். நாம் போகாத ஊரில் நம் வயல்!

ஊரடங்கு காலம். தில்லியில் படித்தவள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசிக் கேள்விகளையும் கம்ப்யூட்டரிலேயே கேட்பதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நாள் மதியம் அதை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சத்தம் வரக்கூடாது அப்பாயி.”

“நான் என்ன வெத்தலை உரலா?”

“உரல் தேவலாம். யாராச்சும் இடிச்சாத்தான் சத்தம் போடும்.”

மூலையில் உட்கார்ந்தேன். பெட்டியில் வாத்தியார்கள் முகம் வந்தது. அவள் எழுந்து, அந்த நாட்டு வழக்கப்படி இடுப்பை வளைத்துக் குனிந்தாள். அவ்வளவுதான். முதல் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டு வயலில் குனிகிற பெண்தான் என் கண்ணுக்குத் தெரிந்தாள். முதல் நாற்று சேற்றில் இறங்கும்போது குலவை போடாமல் நாங்கள் எப்போது நட்டிருக்கிறோம்? நாக்கு தானாகச் சுழன்றது. வீடே அதிரக் குலவையிட்டேன்.

பேத்தியின் காது சிவந்துவிட்டது. மூத்த வாத்தியார் ஏதோ கேட்டார். அவள் பேச ஆரம்பித்தாள், ஜப்பான் மொழியில், நிறுத்தாமல். பட்டத்தைக் கெடுத்துவிட்டேனே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு மடை திறந்து நாற்றங்காலுக்குள் தண்ணீர் நுழைவது போல இருந்தது. கேட்கக் கேட்கக் கண் சொருகியது.

சொருகிய கண்ணுக்குள் அந்த வருசம் வந்தது. சூரியன் சின்னம் கோட்டையில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் வயலில் விடிந்த பாடில்லை. கூலி ஏற்றிக் கேட்டு ஊர் இரண்டுபட்டு, வரப்பில் போலீஸ் நிற்க, நாங்கள் வாய் திறக்காமல் நாற்றைப் பிடித்தோம். மிராசுதார் வரப்புக்கே ஓடி வந்தார். குலவை இல்லாத நடவு விளங்காது என்பார்கள்.

“குலவை போடுங்கடி!”

“கூலியச் சொல்லுங்கய்யா, போடுறோம்,” என்றாள் முன்னத்தியில் நின்றவள். அந்த வயல் முழுக்க நாற்று இறங்கும் சத்தம் மட்டும்தான். இப்போதும் கனவில் கேட்கும்.

சிரிப்புச் சத்தத்தில் விழித்தேன். பெட்டிக்குள் வாத்தியார்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேள்விமேல் கேள்வி, வெகுநேரம். அவளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லி, மறுபடி கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சில் ‘டாக்டர்’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அது என்ன சத்தம்னுதான் முதல் கேள்வியே. நீங்கல்லாம் குலவை போடாத வருசத்தைச் சொன்னேன். ‘கூலியச் சொல்லுங்கய்யா’ன்னதும் சிரிச்சுட்டாங்க. ஜப்பான்ல அப்படிப் பாட மாட்டோம்னு நின்னது உண்டான்னு கேட்டாங்க. உண்டு, ஒரு அத்தியாயமே இருக்குன்னேன்.”

“திட்டலையா?”

“இல்ல. இப்பப் போடு அப்பாயி, எவ்வளவு வேணும்னாலும்.”

“அறுப்புக்கு ஏதுடி குலவை? நடவுக்குத்தான். அடுத்து என்னத்த நடப்போறே, சொல்லு. போடுறேன்.”