சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்

திருத்தணி ஸ்டேஷனைத் தாண்டி, முள்காட்டுக்குள் நிற்கிற பழைய கார்டு பெட்டியைத் தூக்க வந்திருக்கிறோம். கூட்ஸ் ரயிலின் கடைசியில் போகிற பெட்டி அது. பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, மியூசியத்தில் வைக்கப்போகிறார்களாம். அடியில் நுழைந்து கிரேன் சங்கிலியைக் கோர்க்க வேண்டியவன் நான். எட்டாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து இதே வேலைதான், பயம்தான் இன்னும் விடவில்லை.

தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு வீடு. உள்ளே பவர்லூம் ஓடுகிறது. அந்த வீட்டு அம்மா வந்து, சக்கரத்துக்கு முன்னால் குங்குமம் வைத்த கருங்கல்லைக் காட்டுகிறார். கல் இரண்டாகப் பிளந்திருக்கிறது.

"ஆடிக் கிருத்திகைக்கு ஆடிக் கிருத்திகை புதுக்கல்லு வெக்கிறோம்ங்க. ஒடச்சிகினு முன்னால வந்துடுது. இன்னும் ரெண்டு முழம்தான் எங்க சுவரு."

"சக்கரமே துருவுல இறுகிக் கெடக்குதேம்மா, எப்படி நகரும்?"

"அத நீங்கதான் சொல்லணும், ரயில்காரரு!"

குனிந்து பார்க்கிறேன். சக்கரம் உருளுகிற தண்டவாளம்தான் பளபளக்கும். இங்கே எல்லாம் துரு. பெட்டிக்குப் பின்னால் ஒரு முழம் மட்டும் வெள்ளிபோல் மின்னுகிறது.

சூப்பர்வைசர் கையசைத்து அவசரப்படுத்துகிறார். வீட்டுப் பக்கத்துச் சக்கரங்களுக்கு மரக்கட்டைகளை அடித்து இறுக்கிவிட்டு, சங்கிலியோடு பின்பக்கம் போய்க் குனிகிறேன். உள்ளே தறி சட்டென்று நின்றுபோகிறது.

"கட்டைய இங்க வெச்சி என்னா பிரயோஜனம் நைனா?" என்கிறார் அந்த அம்மா. "அது வூட்டப் பாத்து வர்றதில்ல. ஆளப் பாத்துத்தான் வருது."