மன்னித்தேன், மனு போடவில்லை

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது நம் கோவில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். எழுதியதைப் படித்த பங்குச்சாமி, சாட்சி மாதிரி இல்லையே, சண்டை மாதிரி இருக்கிறதே என்றார். நடந்ததே சண்டைதான் சாமி என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

என் பெயர் ஆரோக்கியசாமி. புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் இருபது வருடம் நெல் அவித்தவன். போன வருடத்துக்கு முந்தின வருடம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாயங்காலச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போகவேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினேன். ஆலை வாசலைத் தாண்டி மொபெட்டில் ரோட்டுக்கு ஏறும்போது, நெல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் வந்தது. வலது கால் டயருக்கு அடியில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விபத்து வாசலுக்கு வெளியே நடந்ததால் தனக்குச் சம்பந்தமில்லை என்று முதலாளி பிலாத்து மாதிரி கையைக் கழுவிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் அந்த லாரி டிரைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சிங்கம்புணரிக்காரன், பெயர் முருகேசன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். லாரி முதலாளியின் ஆள் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். எனக்கு யார் மேலும் புகார் இல்லை, கேஸ் எதுவும் வேண்டாம் என்று அதில் இருந்தது. பாடுபட்ட சிலுவையை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் ஆயுளில் நான் முழுமனதாக மன்னித்தது அந்த ஒருத்தனைத்தான். அதற்கு எனக்குக் கிடைத்த கூலியைக் கேளுங்கள்.

பங்கில் பத்துப் பேர் பாராட்டினார்கள். பெருமை தலைக்கு ஏறிவிட்டது. நஷ்டஈடு கேட்டு மனு போடு என்று மைத்துனன் சொன்னபோது, மன்னித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனால் கடவுளை நினைத்துப் போட்ட கையெழுத்து என்னாவது என்று அவனை விரட்டினேன். நான் கட்டிலில் படுத்து நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி சகாயமேரி ஆலையில் நெல் காயப்போடப் போனாள்.

அவளுக்கு இளைப்பு உண்டு. ஆலைத் தூசியும் உமியும் அவளுக்கு விஷம். அதனால்தான் கல்யாணமான நாளிலிருந்து அவளை அந்தப் பக்கமே விட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை இழுப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருப்பேன். விபத்து நடந்த எட்டாவது மாதம் களத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். இனிமேல் தூசியில் நின்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளும் கிளம்பினாள். போகாதே என்றேன்.

"போகாம? நீங்க மன்னிச்சுட்டுப் படுத்திருக்கீக. அடுப்பு மன்னிக்குமா?" என்றாள்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் காரைக்குடிக்குப் போனேன். வக்கீலம்மா சின்ன வயதுதான், ஆனால் பேச்சில் பயம் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டிரைவரை மன்னிச்சது சரிதான் ஐயா. இன்சூரன்ஸ் கம்பெனி எப்ப உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுச்சு?" என்றார். நஷ்டஈட்டை டிரைவர் தன் வீட்டுப் பானையிலிருந்து எடுத்துத் தரப்போவதில்லை, அதற்காகத்தான் ஒவ்வொரு லாரிக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொன்னார். இருபது வருடம் லாரிகளுக்கு நடுவில் வேலை பார்த்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் வெந்த புண்ணில் வேல். முன்பெல்லாம் விபத்து மனுவுக்குக் கெடு கிடையாதாம். சட்டத்தைத் திருத்தி ஆறு மாதம் என்று ஆக்கிவிட்டார்களாம். எனக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. போட்டுப் பார்ப்போம் என்று போட்டார். காலம் கடந்தது என்று மனு திரும்பி வந்துவிட்டது.

இந்த ஆறு மாதத்தை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியவேண்டும். அவர் ஒரு நாளாவது கால் போய்ப் படுத்திருக்கிறாரா? புண் ஆற மூன்று மாதம். கட்டை ஊன்றிப் பழக இரண்டு மாதம். இல்லாத காலில் வலி எடுப்பது எதனால் என்று புரியவே ஒரு மாதம். ஆறு மாதம் முடிந்துவிட்டதா? அடிபட்டவனுக்கு மட்டும் கெடு, அவன் வழக்கு வருடக்கணக்கில் கிடப்பதற்குக் கெடு இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நவநாள் பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு, கோவிலில் நான் மட்டும் நின்றேன். வழக்கமாக ஆண்டவரை நீர் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு நீ என்றே வந்துவிட்டது.

"உன் பேச்சைக் கேட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்? என் காலை நான் கேக்கல. அவ மூச்சுக்கு நீ பதில் சொல்லு" என்று சத்தம் போட்டேன். போட்ட வேகத்தில் ஊன்றுகட்டையைத் தூக்கி எறிந்தேன். அது பீடத்துப் படி வரைக்கும் போய் விழுந்தது. எறிந்த பிறகுதான் அது இல்லாமல் நான் வெளியே போகமுடியாது என்பது நினைவுக்கு வந்தது. உபதேசியார் வந்து எடுத்துத் தரும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் செய்த ஜெபம் இவ்வளவுதான், அன்பானவர்களே. ஜெபமாலை சொல்லவில்லை, நேர்ச்சையும் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து முருகேசன் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டும், அவன்மேல் போலீஸ் போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்காக என்னிடம் ஏதோ கேட்க வந்திருந்தான். கேட்கவிட்டால்தானே? அத்தனை மாதக் கோபத்தையும் அவன் தலையில் கொட்டினேன். அவன் கையிலிருந்த காகிதக் கட்டை சகாயமேரி வாங்கிப் புரட்டினாள். பத்தாவது வரை படித்தவள், நிறுத்தி நிதானமாகப் படிப்பாள்.

"இதுல உங்க பேரு, வயசு, போன காலு, என் பேரு எல்லாம் இருக்கே. இது என்னது?" என்றாள்.

"போலீஸ்ல இருந்து விபத்துக் கோர்ட்டுக்கு அனுப்புன அறிக்கை அக்கா. எனக்கும் ஓனருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தாக. அண்ணனுக்கும் வந்திருக்குமே?" என்றான் முருகேசன்.

எனக்கு வரவில்லை. அடிபட்டவனைத் தவிர எல்லாருக்கும் போயிருக்கிறது.

அந்தத் தாளோடு மூவரும் காரைக்குடிக்குப் போனோம். வக்கீலம்மா தேதி முத்திரையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அறிக்கை மூன்றாவது மாதமே கோர்ட்டுக்குப் போயிருந்தது. ஆறு மாதக் கெடு வைத்த அதே சட்டத்தில், போலீஸ் அனுப்பும் அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறதாம். அதாவது எனக்குத் தெரியாமலேயே என் மனு காலத்தோடு போய்ச் சேர்ந்திருந்தது. அப்படி ஏதும் அனுப்பினீர்களா என்று வக்கீலம்மா முதலிலேயே ஸ்டேஷனில் கேட்டிருந்தார். அதெல்லாம் இல்லை என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடிபட்டவனுக்கு என்னென்ன உரிமை என்று எழுதிய தாளையும் போலீஸே கையில் கொடுக்கவேண்டுமாம். அதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான். எந்த ஸ்டேஷன் என்று எழுதினேன், அந்த வரியைப் பங்குச்சாமி அடித்துவிட்டார்.

வக்கீலம்மா அந்தத் தாளை வைத்து மறுபடி கோர்ட்டுக்குப் போனார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஆறு மாதத்தைத்தான் பிடித்துத் தொங்கினார். நீதிபதி பழைய கட்டுகளைத் தேடச் சொன்னார். நம்பர்கூடப் போடாமல் என் அறிக்கை அங்கே கிடந்தது. அதை மனுவாக ஏற்றுக்கொண்டார். போன வருடக் கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் கம்பெனி நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தீர்ப்பு வாங்கிய சாயங்காலமே சகாயமேரி ஆலைக்குப் போய், நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறோம். செயற்கைக்கால் மாட்டிக்கொண்டு நான் கிரைண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். இளைப்புக்கு உறிஞ்சும் மருந்துக் குழலை அவள் தேடி எடுத்தே ஒரு மாதம் இருக்கும்.

நான் மன்னிக்காமல் இருந்திருந்தால் முருகேசன் என் வாசல்படி ஏறியிருக்கமாட்டான். அதை யோசித்த அன்று வெட்கப்பட்டு, செவ்வாய்க்கிழமை போய் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீர் என்றே கேட்டேன். ஆனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அதை இப்போது வேலைக்கு வைத்திருக்கிறேன். எங்கள் அன்பியக் குடும்பங்களில் யாருக்கு அடிபட்டதாகக் கேள்விப்பட்டாலும் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஜெபம் சொல்லி முடித்ததும், போலீஸ் அறிக்கை அனுப்பினார்களா, நகல் எங்கே என்று கேட்கச் சொல்லி வீட்டு ஆளை ஸ்டேஷனுக்கு விரட்டுகிறேன். போகமாட்டேன் என்றால் சத்தம் போடுகிறேன்.

அன்பானவர்களே, அவரை நம்புங்கள். அழுது கேட்க முடியாவிட்டால் என்னை மாதிரி திட்டியாவது கேளுங்கள், காதில் வாங்கிக்கொள்வார். இடித்தவனை மன்னித்துவிடுங்கள். மன்னித்த கையோடு, ஆறு மாதத்துக்குள் மனுவிலும் கையெழுத்துப் போடுங்கள்.