அத்தை ஏன் பருத்தாள்?

ஒன்பது வயதில் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. அத்தையை வேவு பார்ப்பது. நியமித்தவள் அம்மா.

அத்தை அப்பாவின் தங்கை, கல்யாணமாகாதவள். சேலையூரில் எங்களோடு இருந்துகொண்டு, குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மாதக்கணக்கில் நைட் டூட்டி. காலையில் வந்து குளித்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவாள். ஒரே வருஷத்தில் ரவிக்கைகளை இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று. வயிறும் லேசாக வைத்துவிட்டது.

"ராத்திரி முழிச்சா உடம்பு ஊதுது அண்ணி. எங்க வார்டுல எல்லாருக்கும் இதே கதைதான்" என்றாள் அத்தை.

அவள் அந்தப் பக்கம் போனதும் அம்மா முணுமுணுத்தாள். "நானும் மூணு புள்ளைங்களுக்கு ராத்திரி முழிச்சவதான். எனக்கு ஊதலையே."

இன்னொரு விஷயமும் அம்மாவை உறுத்தியது. எங்கள் வீட்டில் மாதவிலக்கு என்றால் மூன்று நாள் பின்பக்கம், தண்ணீர் மோட்டார் பக்கத்தில், தனியாக உட்கார வேண்டும். அத்தை மூன்று மாதமாக உட்காரவில்லை.

வாந்தி எடுத்தாளா, மாங்காய் தின்றாளா, யாராவது ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்களா என்று அம்மா தினமும் என்னைக் குடைவாள். மாங்காய் தின்றாள் என்று ஒருநாள் சொன்னேன். பாதியைத் தின்றது நான் என்பதைச் சொல்லவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே என்னைக் கூப்பிட்டார். "அத்தையப் பத்தி வேற எதாச்சும் தெரியுமா? மறைக்காம சொல்லு."

தெரியும். முந்தின வாரம் அத்தை மொட்டைமாடிக் கொடியில், தன் வெள்ளைச் சேலைக்கு அடியில் பழந்துணிகளை ஒளித்துக் காயப்போட்டாள். நான் பார்த்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதடி செல்லம். சொன்னா பின்னாடி போய் உட்காரணும். அந்த வெயில்லயும் மோட்டார் சத்தத்துலயும் எப்படித் தூங்குவேன்? தூங்காம போய் ஊசிய மாத்திப் போட்டுட்டா?"

துணி காயப்போட்டதற்கு அத்தை எதற்குப் பின்பக்கம் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் சத்தியம் செய்திருந்தேன்.

"ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன். எனக்கு ஒரே பெருமை.

அத்தையிடம் யாரும் எதையும் நேராகக் கேட்கவில்லை. வேலையை மட்டும் விடச் சொன்னார்கள். "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குண்ணா" என்று அழுது பார்த்தாள். மூன்றே வாரத்தில் திருநீர்மலையில் கல்யாணம். மாப்பிள்ளை மதுராந்தகத்துக்காரர், மனைவியை இழந்தவர். கல்யாணச் சாப்பாட்டில் நான் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் அம்மா காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் விரல் மடக்கி மாதங்களை எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. ஒரு வருஷம் கழிந்தும் அத்தைக்குக் குழந்தை பிறக்கவில்லை. எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள். அத்தையின் பேச்சையும் எடுப்பதில்லை.

அம்மா எதை எண்ணினாள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் வாயைத் திறந்திருந்தால் அத்தை நர்ஸாகவே இருந்திருப்பாள் என்பதும் தெரியாது. அந்த வீட்டில் அத்தையைக் காட்டிக்கொடுக்காத ஒரே ஆள் நான்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.