விசைத்தறி வீட்டில் ஒரு மௌன விரதம்

போன மாதம் ஏற்காட்டில் ஒரு மௌன முகாமுக்குப் போனேன். இரண்டாம் நாளே பண்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டீயில் சர்க்கரை இல்லை என்று சமையல்காரரிடம் கிசுகிசுத்ததுதான் குற்றம். ஐம்பது வயதில் ஆத்ம பலம் தேடி மலையேறியவன், சர்க்கரையிடம் தோற்று இறங்கினேன். மௌனத்தில் எனக்கு முன் அனுபவம் இல்லாமலில்லை. அதிலும் தோல்விதான்.

அப்போது குமாரபாளையத்தில் ஐந்தாம் வகுப்பு. வீட்டின் முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் விசைத்தறிகள். பக்கத்து வீட்டில் பெரியப்பா. விடியும் முன்பே பச்சைத் தண்ணீரில் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி, ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவார். கல்யாணமோ காய்ச்சலோ, ஒரு நாளும் தவறியதில்லை. "நாள் தவறாம இருந்தா உள்ளுக்குள்ள ஒரு பலம் வரும் சாமி" என்பார். அந்தப் பலம் அவர் கழுத்து உருத்திராட்சத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் மௌனம் காத்தால் எனக்கும் ஒன்று தருவதாக வாக்களித்தார். விடியலில் எழ முடியாதென்று பேரம் பேசி, பள்ளி விட்டு வந்த பிறகு என்று சலுகை வாங்கினேன்.

ஒரே சங்கடம், என் மௌனத்தை யாரும் கவனிக்கவில்லை. தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காத வீட்டில் எல்லோருமே பாதி நாள் மௌனச் சாமியார்கள். பசி என்றால் வயிற்றைத் தொடுவோம். தண்ணீர் என்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவோம்.

அதே வாரத்தில் எனக்கு ஒரு பதவி உயர்வும் கிடைத்திருந்தது. ராசிபுரத்து மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டும் என்று அம்மாவும், தறியை நிறுத்த முடியாது என்று அப்பாவும் ஏதோ பேசிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவர் அவளுக்குச் சொல்வதையும் அவள் அவருக்குச் சொல்வதையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் ஓடிப்போய்க் காதில் கத்திவிட்டு வருவேன். பெரியவனாகிவிட்டேன், அதனால்தான் நம்புகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

கடைசி நாள் சாயங்காலம், கண்ணை மூடிச் சம்மணமிட்டிருந்தேன். பொசுக்கென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன. எங்கள் வீட்டில் பல்லி கத்துவதை அன்றுதான் கேட்டேன்.

பின்பக்கத் தறிப் பட்டறையிலிருந்து அப்பா வந்தார். "சாமி, உங்கம்மாகிட்டக் காப்பி ஆச்சான்னு கேளு."

நான் அசையவில்லை.

சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல். "ராசிபுரம் போறமா இல்லியான்னு உங்கப்பாகிட்டக் கேளு சாமி. அப்பறம் காப்பி வெக்கலாம்."

கண்ணுக்குள் உருத்திராட்சம் ஆடியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"டேய், காது கேக்குதா இல்லியா?"

"அவன் வெரதம் இருக்கறானுங்க. இன்னிக்குத்தான் கடைசி நாளு" என்றாள் அம்மா, அவரிடமே, நேராக.

அப்பா தொண்டையைச் செருமினார். "போலாம் புள்ள. ஒரு நாளு தறி நின்னா என்ன ஆயிரும்?"

"இதச் சொல்ல இத்தன நாளா?"

"நீ கேக்கவே இல்லியே."

"தெனமும் இவன்கிட்டச் சொல்லி உட்டனே!"

"இவன் எங்கிட்டக் கொழம்புக்கு உப்பு போதுமான்னுதான் கேட்டான்."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாவற்றையும் தாங்கிய நான் அதைத் தாங்கவில்லை. "நான் சரியாத்தான் சொன்னேன்!" என்று கத்திவிட்டேன்.

உருத்திராட்சம் போயிற்று. பெரியப்பா விரத விஷயத்தில் சலுகை மேல் சலுகை தருபவரல்ல. ராசிபுரம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். என்னிடம் ஒரு தகவலும் தரப்படவில்லை. விரதம் கெட்டதோடு வேலையும் போனதே என்று அழுதுகொண்டு வந்தேன். அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது, அன்று என்ன முடிந்தது என்பதெல்லாம் எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய கையோடு அம்மாவிடம் இதை நினைவுபடுத்தினேன். முகாமில் தோற்றாலும், என் மௌனம் ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தையே சேர்த்து வைத்தது அல்லவா என்றேன்.

அம்மா அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வாரம் பூரா நானுந்தான் அவருகிட்ட வாயத் தொறக்கல. எனக்கு யாரு சாமி உருத்திராட்சம் குடுத்தாங்க?"