மூழ்காத பானை

கணவரின் அஸ்தியைக் கரைக்கக் கடையில் பானை வாங்க வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வீட்டில் பானை செய்கிறவள் இருக்கும்போது கடைக்கு ஏன் போக வேண்டும்? பிரிக்ஃபீல்ட்ஸில் என் பட்டறை அலமாரியில் இருந்த ஒன்றைக் கொழுந்தனாரிடம் எடுத்துக் கொடுத்தேன்.

சேற்று நத்தையைப் பார்த்துச் செய்த பானை அது. ஆரம்பத்தில் தாமரையும் மயிலும் ஒட்டிய ஜாடிகளாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தேன். "எல்லாம் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கு லா" என்று சொல்லி, கேரி தீவின் சதுப்புக் காட்டுக்கு என்னைக் கூட்டிப்போனவர் என் கணவர்தான். எனக்குக் கோபமான கோபம். ஆனால் அதற்குப் பிறகு நான் பூ செய்யவில்லை. சேற்று நிறம், நத்தைச் சுருள், குறுகிய வாய் என்று கை மாறிவிட்டது.

கிள்ளானில் படகேறினோம். ஐயர் சொன்னபடி கொழுந்தனார் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பானையைத் தோளுக்குப் பின்னால் விட்டார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். குறுகிய வாய்க்குள் தண்ணீர் ஏறவில்லை. பானை மூழ்காமல் படகை ஒட்டியே மிதந்து வந்தது.

"என்னா பானைம்மா இது?" என்றார் ஐயர்.

"அண்ணி செஞ்சது" என்றார் கொழுந்தனார், மெதுவாக.

படகுக்காரர் கழியால் அதைச் சாய்த்து அழுத்தினார். கொஞ்ச நேரம் குமிழி விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வாயை இன்னும் ஒரு விரல் அகலமாக விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

அதன் பிறகு வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். மனம் மரத்துக் கிடந்தது. அவர் போய்விட்டார் என்பது உள்ளே இறங்கவே இல்லை. கேட் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். அவரை அழுத்தித்தான் அனுப்ப வேண்டியிருந்தது என்பது மட்டும் உறுத்தியது. சூளையை மூட மனமில்லை, பற்றவைக்கவும் மனமில்லை. மண்ணைப் பிசைந்து, சுடாமலே பானைகள் செய்தேன்.

போன வாரம் அதில் ஒன்றைக் கேரி தீவுக்குக் கொண்டுபோனேன். கொழுந்தனார்தான் கார் ஓட்டினார். வாய் அகலமான பானை. கடல் வற்றியிருந்த சேற்றில் வைத்துவிட்டு நின்றேன். நீர் திரும்பி ஏறியதும் அதன் பக்கங்கள் இளகிச் சரிந்தன.

"அண்ணி, போலாமா? தண்ணி ஏறுது."

நான் நகரவில்லை. பானை சேறோடு சேறாகும்வரை பார்த்தேன். அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் "போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பழகிய வாய். அன்று "போங்க" என்று மட்டும் சொன்னேன்.