சவரிராயன் கடை இடியாப்பச் சூப்பு

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. சைகோனில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் அடுப்பு. ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும். நான் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு இதில் எவ்வளவு பொய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பென்று ஒரு வாசனை வந்தது. நாற்றம் என்றும் சொல்லலாம். கருவாட்டுக் கூடையைத் திறந்துவைத்துவிட்டு அதன்மேல் பூண்டை வதக்கினால் எப்படியிருக்கும், அப்படி. என் வாயில் எச்சில் ஊறிவிட்டது. இந்த வயதில் வெட்கம் எதற்கு? எழுந்து நேரே போய் அவர்கள் வாசலில் நின்றேன்.

அந்த வீட்டு மருமகள் கையில் ஒரு பச்சைக் குப்பியோடு வந்தாள்.

"இது என்னாம்மா?" என்றேன்.

"மீன் தண்ணி தாத்தா. நெத்திலியும் உப்பும் போட்டு மாசக்கணக்கா ஊறவச்சு வடிக்கறது. அங்கெல்லாம் இது இல்லாம சூப்பே கெடையாது."

"வேற ஒண்ணும் போட மாட்டாங்களா?"

"வேற என்னா போடுவாங்க?" என்று சிரித்தாள்.

அப்படியே அவர்கள் படியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷம் ஆயிற்று ஐயா, இதே மாதிரி இன்னொரு குப்பியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிவதற்கு.

உங்களிடம் மறைப்பானேன், நான் பிறவிச் சந்தேகி. சாப்பாட்டில் சந்தேகப்படுவதற்கென்றே என்னைக் கடவுள் இந்த ஊரில் பிறக்கவைத்தார் போலிருக்கிறது. முப்பதுகளில் நான் கப்பல் கம்பெனி பீரோ ஒன்றில், அதாவது ஆபீசில், குமாஸ்தா. சைகோன் போகிற கப்பலுக்கு ஆள் பெயர் எழுதுவது என் வேலை. மத்தியானத்தில் பசி தாங்காது. ஆனால் எங்கே போய்ச் சாப்பிடுவது? பெரிய கடைத்தெருவில் ஐயர் காப்பி கிளப் இருந்தது. காப்பி அமிர்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு கறுப்பு ஒரு காப்பிக்கு எங்கிருந்து வரும்? புளியங்கொட்டையை வறுத்துப் பொடித்துக் கலக்கிறார் என்பது என் கட்சி. அதனால் அங்கே ரவா தோசையோடு எழுந்துவிடுவேன். நீங்கள் போயிருந்தால் காப்பியையும் குடித்திருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது. நன்னாரி சர்பத்துக்கு மார்க்கெட் மூலையில் ஒரு சாயபு கடை. அவர் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார். அந்தச் சாக்கு முன்பு எதைச் சுமந்தது என்று யார் கண்டது? ஐஸ் வேண்டாம் பாய் என்று சொல்லி வெதுவெதுவென்று குடித்துவிட்டு வருவேன். வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வருகிற அம்மாக்களிடம் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், கண்ணை அமுக்கிப் பார்ப்பேன். "மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று ஒருத்தி சந்தையே சிரிக்கும்படி கேட்டாள். அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை.

இப்படிப்பட்டவன் எதையும் கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே இடம் உப்பளத்தில் சவரிராயன் கடை. முதல் மூன்று மாதம் மட்டும்.

சவரிராயன் சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர். வரும்போது அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக் கூட்டிவந்தார். மரி என்று ஞானஸ்நானப் பெயர். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு, முன்னால் நான்கு பெஞ்சு, பின்னால் ஒரு சாக்குத் திரை, திரைக்குப் பின்னால் மரியின் அடுப்பு. விற்பது ஒரே ஒரு பண்டம். கோழி எலும்பை விடியற்காலையிலிருந்து கொதிக்கவைத்த சூப்பு. அவள் ஊரில் அதில் ஏதோ அரிசிச் சேமியா போடுவார்களாம். இங்கே அது ஏது? நம் இடியாப்பத்தைப் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தில் இரண்டு இடியாப்பம், மேலே கொதிக்கிற சூப்பு, வெங்காயத் தாள், மிளகு, ஒரு கீற்று எலுமிச்சை. கூடவே ஒரு துண்டு ரொட்டி. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! முதல் வாய் வைத்ததும் பீரோ, அங்கே பெரிய துரையாக இருந்த முசேயின் திட்டு, தலைவலி எல்லாம் மறந்துபோகும். அடிநாக்கில் ஒரு ருசி நிற்கும். அது உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. சாயங்காலம் வரை நிற்கும்.

மரிக்குத் தமிழில் நான்கு வார்த்தைதான் தெரியும். திரையை விலக்கி எட்டிப்பார்த்து, "நல்லா? இன்னும்?" என்பாள். நான் கிண்ணத்தை நீட்டுவேன்.

ஒரு நாள் சவரிராயன் என் எதிரில் வந்து குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நீ கப்பல் பீரோவுலதான இருக்க? உன்கிட்ட சொல்றதுக்கு என்னா. ஒரு வருசம் பாப்பேன்னு சொல்லியிருக்கா. கடை நின்னுச்சுன்னா இங்கியே இருந்துடுவா. நிக்கலைன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு அவ அம்மாகிட்ட போயிடுவா. எங்கப்பா பாயோட பாயா கெடக்கறாரு, நான் எப்பிடிப் போறது? அவ பேர உன் கையால எழுதற மாதிரி வச்சுக்காத."

"சும்மா இருங்கண்ணே. இந்தச் சூப்பு இருக்க வரைக்கும் கடைக்கு என்னா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதே வாரத்தில்தான் பார்த்தேன். காற்றில் சாக்குத் திரை ஒதுங்கியது. மரி ஒரு பச்சைக் குப்பியின் கார்க்கைப் பிடுங்கினாள். வரிசையாக வைத்திருந்த கிண்ணங்களில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கார்க்கை அடைத்து, குப்பியை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மறைத்தாள்.

"அண்ணே, அந்தக் குப்பில என்னா?"

சவரிராயன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அதுவா... அது அவங்க ஊரு சரக்கு தம்பி. நீ சாப்புடு, ஆறிடப்போவுது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

போதாதா எனக்கு? அன்றைக்குச் சூப்பு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அந்த ஞாயிறு மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது என் நினைப்பெல்லாம் கிண்ணத்தில் இருந்தது. ஒரு மனுஷன் ஒரு கடைக்கு இப்படி ஏங்குவானா? வீட்டில் சாப்பாடு பிடிக்கவில்லை. அம்மா மீன் குழம்பு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் குப்பி விஷயத்தைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள்.

"அடப்பாவி! மருந்து வச்சுட்டாடா உனக்கு!"

இடுமருந்து என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. புருஷனுக்குப் பெண்டாட்டி வைப்பாள், மருமகளுக்கு மாமியார் வைப்பாள் என்றுதான் பேச்சு. ஒரு கடைக்காரி வாடிக்கைக்கெல்லாம் வைத்ததாக யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. அம்மா முதலில் கோயில் தீர்த்தத்தை என் தலையில் தெளித்தாள். அதற்கும் அடங்காமல், சாமியாருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் என்னை ஏற்றி ரெட்டியார்பாளையத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே மருந்து எடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள்.

அவள் ஒரு பச்சிலைச் சாறு கொடுத்தாள். குடித்தேன். குடல் வெளியே வந்து விழுகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அவள் மண்ணில் கையை விட்டுத் துழாவி, வெற்றிலையில் ஒரு கறுப்பு உருண்டையை வைத்து நீட்டினாள்.

"இந்தா பாரு. இன்னும் ஒரு மாசம் உட்டிருந்தா புள்ள உனக்கு இல்ல" என்றாள் அம்மாவிடம்.

ஐயர் காப்பியைச் சந்தேகப்பட்டேன். பாய் ஐஸைச் சந்தேகப்பட்டேன். செத்த மீனின் கண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன். அந்த உருண்டை அவள் விரலிடுக்கிலிருந்து வந்திருக்குமோ என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. என்னை எதால் அடிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் பீரோவில் என் பக்கத்து மேசைக்காரன் சின்னப்பனிடம் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் அவன் எல்லாரிடமும் சொல்வான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டே வாரம்தான். உப்பளம் முழுக்கப் பேச்சு. சைகோன்காரி சூப்பில் மருந்து வைக்கிறாளாம், கப்பல் பீரோ பையன் வயிற்றிலிருந்து எடுத்தார்களாம். கண்ணால் பார்த்தவர்கள் எட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் போனதே இரண்டு பேர்!

கடைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு நாள் நடந்துபோனேன். நான்கு பெஞ்சும் காலி. மரி திரையை விலக்கி எட்டிப்பார்த்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னும்?" என்றாள். நான் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டேன்.

சவரிராயன் பீரோவுக்கு வந்தபோது அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஊருக்கே தெரியுமே. "எழுது தம்பி. மரி, ஒரு கொழந்த" என்றார். எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் நல்லவனாகத் தெரிவேன். நடுங்கவில்லை. ஆபத்து ஊரைவிட்டுப் போகிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கப்பல் தூரத்தில் நின்றது. ஆட்களைப் படகில்தான் கொண்டுபோய் ஏற்றுவார்கள். கடலுக்குள் நீண்டிருந்த பாலத்து முனையில் நின்று நான் பெயர் வாசித்தேன். மரியின் பெயர் வந்தது. குழந்தையைச் சவரிராயன் தூக்கி வைத்திருந்தார். கடைசி நிமிஷம் வரை கொடுக்கவில்லை. மரி கூடைக்குள் கையை விட்டுத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பச்சைக் குப்பி.

"சூப்பு..." என்றாள். வார்த்தை தேடினாள். "நீ நல்லா சாப்புடு."

"உனக்குப் புடிக்கும்னு எடுத்து வச்சா தம்பி. கடைசி குப்பி" என்றார் சவரிராயன், கடலைப் பார்த்துக்கொண்டே.

அவர் ஏன் அது மீன் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. மீனை ஊறவைத்து வடித்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறார் என்று தெரிந்தால் முதல் நாளே கடையை மூடவைத்திருப்போம். சொன்னாலும் போயிற்று, சொல்லாமலும் போயிற்று. படகு போய், அவரும் தலையைக் குனிந்துகொண்டு போன பிறகு, அந்தக் குப்பியைப் பாலத்திலிருந்து கடலில் எறிந்தேன். கார்க்கைத் திறந்து மோந்துகூடப் பார்க்கவில்லை. மருந்து என்றால் மோந்தாலே பிடித்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லியிருந்தாள். வருஷா வருஷம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இதை ஒரு தடவையும் சொன்னதில்லை, பாவம் என்று தெரிந்தால்தானே!

அந்தப் பாலம் பிறகு புயலில் போயிற்று. சவரிராயன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு எங்கேயோ போனார், சைகோனுக்குத்தான் என்று நம்ப ஆசைப்படுகிறேன். நான் பெயர் எழுதிய கப்பலில் அவர் போகவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு மருமகளிடம் சொல்லவில்லை. அவள் ஒரு கிண்ணத்தில் சூப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அதே ருசி, அடிநாக்கில் நின்றது. உள்ளே வழவழவென்று வெள்ளைச் சேமியா.

"இதுல இடியாப்பம் போட மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இடியாப்பமா? சூப்புல யாராவது இடியாப்பம் போடுவாங்களா தாத்தா? அங்க நான் பாத்ததே இல்லியே" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போட்டாளம்மா, ஒருத்தி போட்டாள். இந்த ஊரில் இருந்துவிட வேண்டும் என்பதற்காகப் போட்டாள்.